உங்களுக்குத் தெரியுமா? கன்றோடு கடல் கடந்த கூன்வண்டு

தென்னையைக் குடைந்து வீழ்த்தும் சிவப்புக் கூன்வண்டு தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் தாயகமாகக் கொண்டது. எனினும் அது 1980களின் நடுப்பகுதியில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந் தோப்புகளையும், 1990களில் எகிப்தையும் ஸ்பெயினையும் எட்டியதற்கு அதன் சிறகுகளைவிட மனிதரின் வணிகமே பெருங்காரணமாயிற்று. பேரீச்சையின் அடியில் கிளைக்கும் பக்கக்கன்றுகளும், அழகுக்காக வேருடன் பெயர்த்து விற்கப்படும் வளர்ந்த மரங்களும், உள்ளே புழுக்களைச் சுமந்தபடி, வெளிப்பார்வைக்கு நலமாகவே எல்லைகளைக் கடந்தன.

தோப்புக்குள் அது பரவும் விதம் வேறு. காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்த துளையிலோ, மட்டை வெட்டிய பச்சைக் காயத்திலோ பெண் வண்டு முட்டையிட, காலற்ற புழுக்கள் தண்டின் மென்திசுவைத் தின்று வளர்ந்து, நாரைச் சுற்றிக் கூடமைத்து வண்டாகின்றன. ஆண் வண்டு வெளியிடும் திரள்வு மணப்பொருள், அதாவது தன்னினத்தின் இருபாலரையும் ஓரிடத்திற்கு அழைக்கும் வேதிப்பொருள், மேலும் பல வண்டுகளை அம்மரத்துக்கே ஈர்க்கிறது. தண்டில் செம்பழுப்புச் சாறு கசிவதும், காதை ஒட்டிவைத்தால் உள்ளே புழுக்கள் மெல்லும் ஓசை கேட்பதும் தாக்குதலின் அடையாளங்கள். நடுக்குருத்து வாடித் தோன்றும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. அம்மணப்பொருளையே வாளிப்பொறியில் வைத்து வண்டுகளைப் பிடிப்பது பயனுள்ளதே. ஆனால் பட்டுப்போன மரத்தைப் பிளந்து எரிக்காமல் தோப்பிலேயே விட்டுவைத்தால், அடுத்த தலைமுறை வண்டுகள் அதிலிருந்தே புறப்படும்.