களையை ஜெயிப்பது எந்தப் பயறு? நிமிர்ந்து நிற்பதா, படர்ந்து ஓடுவதா?

இட்லிக்கு ஊறப்போடும் உளுந்து, பூச்சியைச் சந்திப்பதற்கு முன்பே வயலில் ஓர் எதிரியைச் சந்தித்துவிடுகிறது. அதுதான் களை. விதைத்த சில நாளிலேயே சாரணை, கோரை, அருகு எல்லாம் தலைகாட்டிவிடும். களையெடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் கூலியிலேயே பாதி லாபம் போய்விடும் என்பது விவசாயிகளின் புலம்பல். அப்படியென்றால், களையைத் தானே அடக்கும் பயறு ஏதாவது இருக்கிறதா?

சண்டை எதற்கு?

வெளிச்சம், தண்ணீர், மண்ணின் சத்து. இந்த மூன்றில் வெளிச்சம்தான் பல நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது. பயறுச் செடியின் இலைகள் வரிசை இடைவெளியை மூடிவிட்டால், கீழே வெயில் விழாது. கோரைக்கு நிழல் என்றாலே ஆகாது. ஆக, இது யார் முதலில் குடை விரிப்பது என்ற ரேஸ்.

முதல் 30 நாள் ஏன் முக்கியம்?

உளுந்தின் மொத்த ஆயுளே சுமார் 65 முதல் 75 நாள்தான். ஆரம்பத்தில் களையிடம் தோற்றால், பிறகு தேறிவர நேரமே இருக்காது. அதனால்தான் 15-ஆம் நாளும் 30-ஆம் நாளும் கைக்களை எடுக்கச் சொல்கிறார்கள். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்ற கணக்கும் சும்மா இல்லை. செடி எண்ணிக்கை குறைந்து திட்டுத் திட்டாக இடம் காலியானால், அங்கே களை குடியேறிவிடும்.

துவரை கதை வேறு. ஆரம்பத்தில் ரொம்ப மெதுவாக வளரும், இடைவெளியும் அதிகம். அதனால் நடுவில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊடுபயிராக விதைக்கிறார்கள். துவரை எழும்பும் வரை அது தரையை மூடிக் காவல் காக்கும். துவரை பெரிதாகும்போது ஊடுபயிரின் அறுவடையும் முடிந்திருக்கும்.

படரும் ரகம்தானே ஜெயிக்கும்?

அப்படித்தான் தோன்றும். ஆனால் கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட தட்டைப்பயறு ஆய்வு வேறு மாதிரி சொன்னது. நிமிர்ந்த, பாதி நிமிர்ந்த, படரும் ரகங்களை உயரமான சூரியகாந்தியோடும், குட்டையான பருப்புக்கீரையோடும் மோதவிட்டார்கள். (நமக்குக் கீரை, அங்கே அது களை!) களையை அடக்குவதில் நிமிர்ந்த ரகமே முன்னால் நின்றது. காரணம் புரிந்துகொள்ள எளிது: தரையோடு படரும் செடியின் தலைக்கு மேல் களை ஏறிவிட்டால், நிழலில் மாட்டுவது பயறுதான்.

படரும் வகைக்கும் இடம் உண்டு. ரப்பர் தோட்டங்களில் மரங்களுக்கு இடையே மூடுபயிராக விடப்படும் முக்குனா கொடி, தரையைப் போர்வை மாதிரி மூடிக் களையை அமுக்குகிறது. ஆனால் அதே கொடி ரப்பர் கன்று மேலும் ஏறும். அதை அவ்வப்போது இழுத்துவிட ஆள் வேண்டும்.

உரத்திலும் கவனம்

பயறு வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கும். களைக்கு அந்த வசதி இல்லை. தேவைக்கு மேல் யூரியா போட்டால், பயறுக்கு இருக்கும் இந்தச் சாதகம் போய், களைக்குத்தான் விருந்து.

அப்போ ரகம் மட்டும் போதுமா?

போதாது. எந்த ரகமும் களையெடுப்பை முழுசாக ஒழிக்காது. வேகமாக முளைத்து, சீக்கிரம் மூடி, களைக்கு மேலே நிற்கும் ரகம் என்றால், ஒரு களையெடுப்பாவது மிச்சமாக வாய்ப்புண்டு. சிறு விவசாயிக்கு அந்த ஒரு கூலிதான் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவே உள்ள கோடு. விதை வாங்கும்போது 'மகசூல் எவ்வளவு?' என்று கேட்பதோடு, 'எத்தனை நாளில் வரிசை மூடும்?' என்றும் கேட்பது நல்லது.