காற்றில்லாத நாளில் வரும் அலை

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சித்திரை மாதம், சுள்ளென்ற வெயில், தென்னை ஓலைகூட அசையவில்லை. மத்தியானம் கடல் ரோட்டைத் தாண்டி ஏறிவந்து, கரையில் இழுத்து வைத்திருந்த வள்ளங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, அடுப்படிவரை மணலைக் கொட்டிவிட்டுப் போயிற்றாம். "புயலும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. பிறகு இது எங்கிருந்துதான் வருகிறது?" என்று கேட்கிறார்.

அந்தக் கரை மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். கேரளத்திலும் அதே பெயர்தான். எனக்கு இந்த அலையின்மேல் நெடுநாள் மயக்கம் உண்டு. கடிதத்தைச் சாக்காக வைத்து எழுதிவிடுகிறேன்.

காற்று உரசி அலை எழுகிறது, அலையோடு தண்ணீர் ஊர்விட்டு ஊர் போவதில்லை, இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி அடங்குகிறது, பயணம் போவது ஆற்றல் மட்டுமே. இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடம். பாடத்தில் விட்டுப்போவது, காற்று ஓய்ந்த பிறகு அந்த அலை என்ன ஆகிறது என்பது. அது போய்க்கொண்டே இருக்கிறது. எதிரே கரை வரும்வரை போகிறது.

அண்டார்க்டிகாவைச் சுற்றிக் கிடக்கும் தென்பெருங்கடலில் காற்றை மறிக்க நிலமே இல்லை எனலாம். நாள்கணக்கில் ஒரே திசையில் வீசித் தீர்க்கும். அங்கே கொந்தளிக்கிற கடலிலிருந்து எல்லா அளவு அலைகளும் கலந்தே புறப்படுகின்றன. ஆனால் ஆழ்கடலில் எல்லா அலைக்கும் ஒரே வேகம் கிடையாது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் எத்தனை நொடி இடைவெளி என்று பார்த்து, அதை 2.8 ஆல் பெருக்கினால், அந்த அலைக்கூட்டம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகரும் என்பது கிடைக்கும். 20 நொடி அலைக்கு 56. 14 நொடி அலைக்கு 39தான்.

சின்ன வயதில், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்காக எங்கள் தெருமுனையில் போட்ட தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். ஓர் ஊர்க்காரர்கள் சேர்ந்தே வந்தால், கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். இளவட்டங்கள் முன்னால் போய், அரைநாள் கழித்து அதே ஊர்க் கிழவிகள் வந்தால் வெகுதூரத்து ஊர். யாரையும் கேட்கவே வேண்டாம், அந்த இடைவெளியே ஊரின் தூரத்தைச் சொல்லிவிடும்.

அலையிலும் இதே கணக்குதான். கன்னியாகுமரியில் ஒரு பாறையைக் குறிவைத்து, முகட்டுக்கு முகடு கடிகாரம் பிடித்துப் பாருங்கள். சாதாரணமாக உள்ளூர்க் காற்றில் எழும் அலை 6, 7 நொடிக்கு ஒன்று வரும். ஒருநாள் 20 நொடிக்கு ஒன்று வரத் தொடங்கி, இரண்டரை நாளில் அது 14 நொடியாகக் குறைந்தால், அந்த அலைகள் கிளம்பிய இடம் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டருக்கு அப்பால். குமரியிலிருந்து நேர் தெற்கே அவ்வளவு தூரம் போனால் அண்டார்க்டிகாவை நெருங்கிவிடுவோம். கையில் ஒரு கடிகாரம் மட்டும் இருந்தால் போதும், கண்ணால் பார்க்காத புயலின் தூரத்தைக் கரையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். இதைவிட மலிவான தொலைநோக்கி எனக்குத் தெரிந்து இல்லை.

இதை வெறும் கணக்காக விடாமல் நேரிலேயே பின்தொடர்ந்து பார்த்தவர் வால்டர் மங்க் என்கிற அமெரிக்கக் கடலியலாளர். 1963இல் நியூசிலாந்து தொடங்கி சமோவா, ஹவாய் வழியாக அலாஸ்கா வரை பசிபிக் நெடுக ஆள்களையும் கருவிகளையும் வைத்தார். தென்கோடிப் புயல்களில் பிறந்த அலைகள் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி அலாஸ்காக் கரையைத் தொட்டன. புயலின் எல்லையைத் தாண்டியபின் வழியில் அவை இழந்த ஆற்றல் மிகச் சொற்பம். சமோவாவில் கருவியைப் பார்த்துக்கொண்டவர் மங்க்கேதான், குடும்பத்தோடு போய்த் தங்கியிருந்தார்.

கரையை நெருங்கும்போது கதை மாறுகிறது. தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலைக்குத் தரை தட்டுப்படும். 7 நொடி அலையின் நீளம் 76 மீட்டர்தான், கரைக்குப் பக்கத்தில் வந்த பிறகே அது தரையை உணரும். 20 நொடி அலையோ 600 மீட்டருக்கு மேல் நீளம், 300 மீட்டர் ஆழத்திலேயே தரையை உரசத் தொடங்கிவிடும். அங்கிருந்து வேகம் குறைந்து, நீளம் சுருங்கி, அந்த ஆற்றலெல்லாம் உயரமாக மாறுகிறது. தண்ணீரின் ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டி உயர்ந்தால் தலைகுப்புற உடைகிறது. உடைந்தும் ஓய்வதில்லை, ஒவ்வோர் அலையும் முன்னால் தள்ளும் கரையோரத் தண்ணீர் கடப்புறம் முழுக்க ஏறுகிறது. பாக் நீரிணைக் கரைகளுக்கு இலங்கை மறைப்பாக நிற்கிறது. குமரிக்குத் தெற்கே அப்படி யாரும் இல்லை.

சுனாமிக்குப் பிறப்பே வேறு. கடல்தரை எழும்பியோ தாழ்ந்தோ மேலிருக்கும் தண்ணீர் முழுவதையும் அசைக்கிறது. முகட்டுக்கு முகடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்பதால், 4 கிலோமீட்டர் ஆழக்கடல்கூட அதற்கு ஆழமற்ற குளம்தான். அங்கே மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 2004 டிசம்பர் 26 அன்று தற்செயலாக மேலே கடந்துபோன செயற்கைக்கோள் வங்கக்கடலில் அளந்தது சுமார் 60 சென்டிமீட்டர் எழுச்சியை. கரையில் என்ன நடந்தது என்பதை நாகப்பட்டினத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். சுனாமி வருமுன் கடல் உள்வாங்கும் என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை ஊறிவிட்டது. அன்று சுமத்ராவுக்கு மேற்கே கடல்தரை எழும்பியது, எழும்பிய இடத்துக்குக் கிழக்கே தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது, தமிழகக் கரைக்கோ முதலில் வந்ததே முகடுதான். உள்வாங்கட்டும் பார்க்கலாம் என்று நிற்பவருக்கு ஓட நேரம் கிடைக்காது. ஆனாலும் அமாவாசைக்குக் குமரியில் கடல் கொஞ்சம் பின்வாங்கினாலே 'சுனாமி பீதி' என்று தலைப்புப் போடுகிறோம்.

கள்ளக்கடலுக்குப் பயப்படவேண்டிய நாளிலோ பயப்படுவதில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலைகள் மே 4 வாக்கில் நம் கரையைத் தொட்டன. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். புயல் என்றால் வானம் இருண்டு, காற்று ஊளையிட்டு ஊரை எழுப்பிவிடும். இது வெயிலில் வருகிறது, விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவே வருகிறது. எச்சரிக்கை மீனவர் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தாலும், வெளியூரிலிருந்து வேனில் வந்து இறங்கி நேரே அலைக்குள் ஓடுகிற பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

அந்த எச்சரிக்கையை நாம் வாசிக்கிற விதமும் சரியில்லை. 'அலைகள் ஒன்றரை மீட்டர் உயரம் எழும்பும்' என்பார் செய்தி வாசிப்பவர். "இவ்வளவுதானா!" என்று கேட்கிறவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அதே ஒன்றரை மீட்டர் உயரத்தில் 7 நொடி அலை கொண்டுவரும் ஆற்றலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கை 20 நொடி அலை கரையில் கொண்டுவந்து கொட்டும். அலைக்கு அலை எத்தனை நொடி என்பதும் மையத்தின் முன்னறிவிப்பில் இருக்கிறது. உயரத்தோடு அதையும் சேர்த்து வாசிக்க அரை நிமிடம்கூட ஆகாது.