ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய ரயில்

சைக்கிள் பழகும் சிறு குழந்தைகளின் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பின்சக்கரத்தின் பக்கத்தில் குட்டிச் சக்கரங்கள் இருக்கும். குழந்தையின் எடையைச் சுமப்பவை பெரிய சக்கரங்கள்தாம். வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வதே குட்டிச் சக்கரங்களின் வேலை. இதே முறையில் ஒரு ரயில் ஓடியது என்றால் நம்புவீர்களா?

இன்றைய பஞ்சாப் மாநிலத்தில் இருந்த பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்த ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு இரண்டு தண்டவாளங்கள் இல்லை, ஒன்றே ஒன்றுதான்! அப்போது பட்டத்தில் இருந்த மகாராஜா பூபிந்தர் சிங்குக்கு வயது 15. ஏறக்குறைய உங்கள் வயதுதான்.

கோவேறு கழுதைகளும் ரயிலும்

இந்த விநோத ரயில் பிறந்த கதையில் கோவேறு கழுதைகளுக்கும் பங்கு உண்டு. ஆங்கில அரசின் போர்களுக்கு உதவ, சுதேச சமஸ்தானங்கள் தங்கள் செலவில் படைகளை வைத்திருந்தன. படைக்கு மூட்டை சுமக்க விலங்குகள் வேண்டும். பாட்டியாலா நூற்றுக்கணக்கான கோவேறு கழுதைகளை இதற்காகவே வளர்த்தது. போர் வந்தால்தான் அவற்றுக்கு வேலை. ஆனால் தீனி தினமும் வேண்டுமே! அந்தச் செலவு சமஸ்தானத்தின் தலையில் விழுந்தது. அதாவது, வரி கட்டும் உழவர்களின் தலையில்.

இன்னொரு பக்கம், அதே உழவர்களின் தானியம் ரயில் நிலையத்துக்குப் போய்ச்சேர நல்ல வழி இல்லை. சமஸ்தானத்தின் பொறியாளர் கர்னல் பௌல்ஸ் இந்த இரண்டு சிக்கல்களையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். சும்மா நிற்கும் விலங்குகளைக் கொண்டே ரயிலை இழுக்க வைத்தால் என்ன?

ஏன் தண்டவாளம்?

மண் சாலையில் பாரவண்டியின் சக்கரம் புதைகிறது. தான் உண்டாக்கிய பள்ளத்திலிருந்து அது ஒவ்வொரு கணமும் மேலேறியாக வேண்டும். இழுக்கும் விலங்கின் பலத்தில் பெரும்பகுதி இதிலேயே வீணாகிறது. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது இந்தத் தடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடும். எனவே அதே விலங்கு பல மடங்கு பாரத்தை இழுக்கும்.

ஆனால் வழக்கமான இருப்புப்பாதைக்குத் தனி நிலம், மண்மேடு, சம உயரத்தில் இரண்டு தண்டவாளங்கள் எல்லாம் வேண்டும். செலவு அதிகம். பௌல்ஸ் தேர்ந்தெடுத்தது ‘யூயிங் முறை’. இதில் ஏற்கெனவே இருக்கும் சாலையின் ஓரத்தில் ஒரே ஒரு தண்டவாளம் போட்டால் போதும். வண்டியின் சக்கரங்கள் ஒரே வரிசையில் அதன்மேல் உருளும். சக்கரத்தின் இரு பக்கமும் விளிம்பு இருப்பதால் அது நழுவாது. வண்டியின் ஒரு பக்கத்திலிருந்து நீளும் கையில் ஒரு துணைச் சக்கரம் இருக்கும். அது சாலையில் ஓடும்.

ஒரு சிறு கணக்கு

வண்டியின் எடையில் சுமார் 95 சதவீதத்தைத் தண்டவாளமே தாங்கியது. துணைச் சக்கரத்தின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். இது எப்படி? நீங்கள் படித்த நெம்புகோல் தத்துவம்தான்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்து 1000 கிலோ என்று கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் தண்டவாளத்திலிருந்து துணைச் சக்கரத்தின் பக்கமாக 5 செ.மீ. தள்ளி இருக்கட்டும். துணைச் சக்கரம் 100 செ.மீ. தொலைவில் இருக்கிறது. 1000-ஐ 5-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 50 கிலோ. மண் சாலையில் உருள்வது இந்த 50 கிலோ மட்டுமே. மீதி 950 கிலோவும் தண்டவாளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது!

அப்படியானால் ஈர்ப்பு மையத்தை நேராகத் தண்டவாளத்தின் மேலேயே வைத்து, அந்த 50 கிலோவையும் மிச்சப்படுத்தலாமே என்று கேட்பீர்கள். கூடாது. ஒரு மூட்டை சற்று நகர்ந்தாலும் வண்டி எதிர்ப்பக்கம் கவிழ்ந்துவிடும். அங்கே தாங்கச் சக்கரம் இல்லையே! வண்டி விழாமல் இருக்கக் கொடுக்கும் விலைதான் அந்த 5 சதவீதம்.

நமக்குப் பக்கத்திலும்

பாட்டியாலாவுக்கு முன்பே இந்த முறை தென்னிந்தியாவில் ஓடியது. அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த மூணாறு மலையில் 1902-ஆம் ஆண்டு ஒற்றைத் தண்டவாளம் போட்டுத் தேயிலை ஏற்றிச் சென்றார்கள். அங்கே வண்டியை இழுத்தவை எருதுகள். சில ஆண்டுகளில், 1908-இல், அது இரட்டைத் தண்டவாளமுள்ள சிறு ரயில் பாதையாக மாறியது. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்தப் பாதையையும் அழித்தது.

வளர்ச்சியும் முடிவும்

பாட்டியாலாவில் இரண்டு தடங்கள் அமைந்தன. ஒன்று சர்ஹிந்த் ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸி என்ற ஊரின் பக்கமாகச் சென்றது. மற்றது பாட்டியாலா நகரிலிருந்து புறப்பட்டது. மொத்தம் சுமார் 80 கி.மீ. பிறகு ஜெர்மனியின் ஓரென்ஸ்டைன் கோப்பல் நிறுவனத்திடமிருந்து 4 நீராவி என்ஜின்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசையில் மூன்று சக்கரங்கள். பக்கத்தில் பெரிய துணைச் சக்கரம் ஒன்று.

இருபது ஆண்டுகள் ஓடிய பிறகு, 1927 அக்டோபரில் ரயில் நின்றுபோனது. நெம்புகோல் தத்துவம் பொய்த்துவிட்டதா? இல்லை. சாலைகள் மேம்பட்டன, மோட்டார் வண்டிகள் வந்தன. மோசமான சாலையும் சும்மா நின்ற விலங்குகளும் இருந்த காலத்துக்குச் சரியாக இருந்த விடை, அந்த நிலைமை மாறியதும் பொருந்தாமல் போயிற்று. ஒரு கருவி நல்லதா என்று கேட்கும்போது, எந்த இடத்துக்கு, எந்தக் காலத்துக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கைவிடப்பட்ட என்ஜின்கள் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்தன. 1962-ஆம் ஆண்டு அவை கண்ணில் பட்டன. அமிர்தசரஸ் ரயில்வே பட்டறையின் தொழிலாளர்கள் ஓர் என்ஜினைச் செப்பனிட்டு மீண்டும் ஓடச் செய்தார்கள். டில்லியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்று அதைக் காணலாம். அங்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால், முதலில் அந்தத் துணைச் சக்கரத்தைத் தேடிப் பாருங்கள். உங்கள் பாடப்புத்தகத்தின் நெம்புகோல் அங்கே நின்றுகொண்டிருக்கும்.