பார்வையற்றோர் தொடுதிரையில் எழுதுவது எப்படி?

கிராமப் பஞ்சாயத்துக்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன அங்கத்தினராக அமர்த்த வகை செய்யும் சட்டத் திருத்தம், 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கள்ளக்குறிச்சிச் சமவெளியிலாயினும், கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலாயினும், பார்வையில்லாத ஒருவர் பஞ்சாயத்துக் கூட்டத்தில் வந்து அமரும்போது, தம் கருத்தை எழுதித் தருவதற்குப் பிறர் தயவை நாட வேண்டுமா? வேண்டியதில்லை என்பது நம் எண்ணம். கையிலுள்ள தொடுதிரைக் கைப்பேசியே அதற்குச் சாதனம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்னும் திரைவாசிப்பான்கள் உண்டு. இவற்றுக்குத் தனி விலை கிடையாது. விரல் படும் இடத்தில் உள்ளதைக் கருவி குரலில் சொல்லும். இருமுறை தட்டினால் அது திறக்கும். இவ்வாறு படிப்பது எளிதாயிற்று. எழுதுவதுதான் சங்கடம். நெருங்கியிருக்கும் தமிழ் விசைகளை ஒவ்வொன்றாகத் தடவித் தேடி ஒரு வரி எழுதுவதற்குள் கூட்டமே கலைந்துவிடும்!

வாயால் சொன்னால் கருவியே எழுதிக்கொள்ளுமே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் வங்கி வரிசையில் நின்று ரகசிய எண்ணை உரக்கச் சொல்ல முடியுமா? பயனாளிகள் பட்டியலில் உள்ள தவறொன்றை அதிகாரிக்குத் தெரிவிக்க விரும்புபவர், சம்பந்தப்பட்டவர் அருகில் அமர்ந்திருக்கையில் வாய்விட்டுச் சொல்வாரா? ஓசையின்றி எழுதும் வழி அவருக்கு அவசியம் வேண்டும்.

ஐபோனில் 2013-ஆம் ஆண்டு இதற்கொரு வழி பிறந்தது. வாய்ஸ்ஓவரில் 'கையெழுத்து' முறையைத் தேர்ந்துகொண்டால் திரை முழுவதும் சிலேட்டாகிவிடும். விரலால் எழுத்தை வரைந்து நிறுத்தினால் கருவி அதை உணர்ந்து உரைக்கும். இரு விரல்களை வலப்பக்கம் தள்ளினால் இடைவெளி. இடப்பக்கம் தள்ளினால் கடைசி எழுத்து அழியும். மூன்று விரல்களை மேலோ கீழோ தள்ளினால் எண்களுக்கு மாறலாம். ஒற்றை விரலின் அசைவை எழுத்தாகவும், பல விரல்களின் அசைவைக் கட்டளையாகவும் பிரித்தறிவதே இதன் நுட்பம்.

தமிழுக்கு வரும்போது சிறிது நிதானம் தேவை. தமிழ்க் கையெழுத்தை அறியும் செயலியைக் கூகுள் நிறுவனம் 2015-இல் வெளியிட்டது. ஆயினும் விரல் இழுக்கும் கோட்டை டாக்பேக் தனக்கிட்ட கட்டளையாகக் கொண்டுவிடக்கூடும். அன்றியும், மெய்யெழுத்தின் தலையில் புள்ளியைச் சரியாக வைப்பதும், 'கொ' என்னும் எழுத்தில் முன்னும் பின்னும் உறுப்புக்களைச் சேர்ப்பதும் பார்வையின்றிப் பழக வேண்டியவை. ஆகவே கருவி வாங்குமுன் உபயோகிப்பவரே எழுதிப் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே முறை ஒத்துவராது. பள்ளியில் எழுதிப் பழகி, நீரிழிவாலோ விபத்தாலோ பிற்காலத்தில் பார்வை இழந்தவருக்கு எழுத்தின் வடிவம் கையில் நிற்கிறது. கையெழுத்து முறை அவருக்கே பெரிதும் உகந்தது. பிறவியிலேயே பார்வையற்றவர் 'அ'னாவின் சுழியைக் கண்டவரல்லர். பிரெயில் கற்ற அவர் ஆறு புள்ளிகளைத் திரையில் விரல்களால் அழுத்தி எழுதலாம். இவ்வசதி ஐபோனில் 2014-இலும் டாக்பேக்கில் 2020-இலும் வந்தது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் வகுக்கப்பெற்ற பாரதி பிரெயிலில் 'கொ' என்பது ககரத்தை அடுத்து ஒகரம், அவ்வளவே. மெய்யெழுத்தின் புள்ளிகூட எழுத்துக்கு முன்னரே வந்துவிடுகிறது. தமிழைப் பொறுத்தவரை அச்செழுத்தை விட இதுவே எளிது என்று கூறத் தோன்றுகிறது. எனவே, "தாங்கள் எதில் எழுதிப் பழகியவர்?" என்று முதலில் கேட்டறிந்து, பின்னரே பயிற்சிக்கு ஏற்பாடு செய்தல் நலம்.

மலையூர்களில் அலைவரிசை கிடைக்காத இடங்களை முன்னிட்டு, கீழே கள்ளக்குறிச்சிக்கு வரும்போதே தமிழ்க் குரற்கோப்பைக் கருவியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இணையமின்றியே கருவி தமிழில் பேசும். எழுதும் முறையையும் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை சோதித்தல் வேண்டும். எழுதுவதைக் கருவி வாசிப்பதால், ரகசியம் காக்கக் காதணிக் கருவி ஒன்றும் அவசியம்.

பஞ்சாயத்து அலுவலகம் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. கூட்ட அறிவிப்பைத் தாளில் எழுதிப் படம்பிடித்து அனுப்பினால் திரைவாசிப்பான் திணறும். யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்து, கூட்டத்துக்குச் சில நாள் முன்னதாகவே அனுப்புங்கள். அவர் அதைப் படித்து, தம் பதிலை எழுதிக்கொண்டே கூட்டத்துக்கு வருவார்.