பகலில் பார்த்த அருந்ததி

அம்மி மிதித்து முடிந்ததும் மணமக்களை வாசலுக்கு அழைத்து வரும் புரோகிதர், வடதிசை வானைச் சுட்டி, "அருந்ததி தெரிகிறாளா?" என்று கேட்பார். முற்பகல் வெயிலில் விண்மீன் ஏது? மணமகன் தலையசைப்பான், மணமகள் நாணத்தோடு புன்னகைப்பாள், சுற்றத்தார் நகைப்பர். இரவில் நிகழ வேண்டிய அச்சடங்கு பகல் முகூர்த்தத்தோடு சேர்ந்துவிட்டது. அதனால் சதாபிஷேகம் கண்ட தம்பதியரிலும் அருந்ததியை மெய்யாகவே கண்டவர் அரியர்.

ஜவ்வாது மலையில் அவளைக் காண்பது எளிது. நகர விளக்குகளின் ஒளி தீண்டாத இம்மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரை வானாய்வுக்கெனத் தேர்ந்தவர் வைணு பாப்பு. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் இங்கிருந்து வடவானும் தென்வானும் ஒருங்கே புலப்படும். 1968-இல் ஒரு சிறு தொலைநோக்கியோடு பணி தொடங்கிற்று. நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் இயங்கத் தொடங்கியது. அதனைக் காணாமலே 1982-இல் பாப்பு மறைந்தார். இன்று அவ்வானாய்வகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவருடைய தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். வானம் அவருக்கு முதலில் குடும்பச் சொத்தாகவே வாய்த்தது.

அச்சொத்து எல்லா இல்லங்களுக்கும் உரியதே. சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில் வடக்கு நோக்கினால் சப்தரிஷி மண்டலம் தோன்றும். நான்கு மீன்கள் கட்டிலின் கால்கள் போலவும், மூன்று மீன்கள் வால் போலவும் அமைந்திருக்கும். வாலின் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக மினுங்குபவளே அருந்ததி. கார்த்திகை மாதத்து முன்னிரவில் கிழக்கே பார்த்தால், முருகப்பெருமானுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்டிர் சிறு கொத்தாய் எழுவர்.

மாலை விளக்கேற்றியபின் பல வீடுகளில் பெரியோர் பேச ஆளின்றி அமர்ந்திருக்கின்றனர். பிள்ளைகளோ கைப்பேசியில் ஆழ்ந்திருக்கின்றனர். முதியோர் அறிந்த வானம் அவர்களோடே மறைந்துவிடலாகாது. நகரத்து ஒளியில் அருந்ததி எளிதில் அகப்படாள். ஆனால் குலதெய்வ வழிபாட்டுக்கெனச் சொந்த ஊர் சென்று தங்கும் இரவொன்று போதும். பொருட்செலவு இல்லை, நிலவில்லாத வானும், ஒரு பாயும், அரைமணி நேரமும் இருந்தால் ஆயிற்று.

முதுமையில் கண் மங்கியிருக்கலாம், அதனால் குறையொன்றுமில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பது பாட்டிக்குத் தெரியும். பார்ப்பதற்குப் பேத்தியின் கண்கள் இருக்கின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நாணத்தால் தலையசைத்த அதே கேள்வியைப் பாட்டி இப்போது கேட்கலாம். "தெரிகிறாள், பாட்டி!" என்று குழந்தை கூவும்போது, அன்றைய சடங்கு அன்றுதான் நிறைவுறும்.