தன் மீதே சாட்சி சொல்லும் திருச்சபை

புது தில்லி: சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சூசை. இத்தொழிலாளர்களுக்கு இலவசப் பெட்டிக்கடை வழங்கும் அரசுத் திட்டம் 1980-களில் வந்தபோது அவருக்குக் கடை கிடைக்கவில்லை. ஆதிதிராவிடரான அவர் கிறிஸ்தவராக மாறியிருந்ததே காரணம். தொழில் மாறவில்லை, அமர்ந்த சாலையோரமும் மாறவில்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில் 1985 செப்டம்பரில் அவர் தோற்றார்.

தீர்ப்பைவிட அதற்குக் கூறப்பட்ட காரணமே இன்றளவும் முக்கியமானது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது; அதனால் விளையும் சமூக, பொருளாதார இழிநிலை புதிய மதத்திலும் அதே கடுமையுடன் நீடிப்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது நீதிமன்றம். அதாவது, தங்கள் ஆலயங்களுக்குள் பாகுபாடு உண்டு என்று ஆயர்களே ஒப்புக்கொண்டால்தான் கோரிக்கை வலுப்பெறும்.

கத்தோலிக்கத் திருச்சபைக்கு இது எளிதான காரியம் அல்ல. நியாயமான கூலியும் சங்கம் அமைப்பதும் தொழிலாளியின் உரிமை என்று 1891-ல் சுற்றுமடல் எழுதியவர் போப் 13-ஆம் லியோ. அதை நினைவுகூர்ந்தே 2025-ல் பதவியேற்ற போப், 14-ஆம் லியோ என்ற பெயரைத் தேர்ந்தார். அநீதி தனிமனிதரிடம் மட்டுமன்றி சமூகக் கட்டமைப்புகளிலும் குடியிருக்கும் பாவம் என்று 1987-ல் போதித்தார் இரண்டாம் ஜான் பால். இந்த அளவுகோலைத் தன் வீட்டுச் சாதிக்கு வைத்துப் பார்க்க இந்தியத் திருச்சபை நெடுங்காலம் தயங்கியது. 2003-ல் ரோமுக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்து அந்த போப்பே பேச வேண்டியதாயிற்று.

தயக்கம் 2016 டிசம்பரில் உடைந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. அதன் கணக்கில், 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடி பேர் தலித்துகள். எனினும் தலித் ஒருவர் முதன்முதலாகக் கர்தினாலானது 2022-ல்தான். அவர் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா.

அரசுத் தரப்பில் கதை வேறு. தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களுக்கு மட்டும் உரித்தாக்கிய 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, 1956-ல் சீக்கியர்களுக்காகவும் 1990-ல் பௌத்தர்களுக்காகவும் திருத்தப்பட்டது. பழங்குடியினர் பட்டியலில் மத நிபந்தனையே கிடையாது. கிறிஸ்தவ தலித்துகளுக்காக 1996-ல் நரசிம்ம ராவ் அரசு கொண்டுவர முயன்ற அவசரச் சட்டத்தைத் தேர்தல் நெருங்கிய வேளையில் குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மா திருப்பியனுப்பினார். மத நிபந்தனையை நீக்கலாம் என்ற ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை 2007-ல் தரப்பட்டு, 2009 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதன் மீது நடவடிக்கை இல்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இவ்விஷயத்தில் வேகம் ஒன்றுதான்.

2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அடுத்த மாதமே, கிறிஸ்தவ சமுதாயத்தில் அத்தகைய ஒடுக்குமுறை இருந்ததில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஆயர்கள் தாங்களே எழுதிக்கொடுத்தது அதற்கு நேர்மாறானது.

பெட்டிக்கடையோடு முடிவதல்ல இப்பிரச்னை. மதம் மாறியவர் தாக்கப்பட்டால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், தாழ்த்தப்பட்டவர் என்ற முறையில் அவரால் பாதுகாப்புக் கோர இயலாது.