ஈப்போவில் இரண்டு நாள் உணவுப் பயணம்

சுற்றுலா என்றதும் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிடுவது பலரின் வழக்கம். ஆனால், உணவைச் சுவைப்பதற்காகவே செல்லும் பயணத்தில் இடத்தைவிட நேரமே முக்கியமானது. பேராக் மாநிலத் தலைநகரான ஈப்போ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர் ஈப்போ. பிழைப்புத் தேடிச் சீனாவிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தவர்கள் தங்கள் சமையல் முறைகளையும் உடன் கொண்டு வந்தனர். 1980களில் ஈயத் தொழில் நலிந்தது. எனினும், அவர்கள் மூட்டிய அடுப்புகள் அணையவில்லை.

கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். இரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஈப்போவை அடையலாம். பள்ளி விடுமுறைக் காலத்தில் பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. நிலையத்திலிருந்து பழைய நகரத்திற்கு நடந்தே செல்லலாம். கிந்தா ஆற்றைக் கடந்தால் புதிய நகரம்.

பழைய நகரத்தின் காப்பிக்கடைகளுக்குக் காலையிலேயே செல்ல வேண்டும். பல கடைகள் பிற்பகலிலேயே மூடப்பட்டுவிடும்; சில கடைகள் வாரத்தில் ஒரு நாள் திறப்பதில்லை. இதை அறியாமல் மாலையில் செல்வோர் மூடிய கதவுகளையே காண்பர். இங்கு அருந்த வேண்டியது வெள்ளைக் காப்பி. பால் சேர்ப்பதால்தான் இப்பெயர் வந்தது எனச் சிலர் எண்ணுகின்றனர். உண்மையில், வழக்கமான காப்பிக்கொட்டை சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருமையாக வறுக்கப்படுகிறது. வெள்ளைக் காப்பிக்கோ சர்க்கரை சேர்க்காமல் மார்ஜரினில் மட்டும் வறுப்பர். அதனால் கொட்டையின் நிறம் வெளிறியிருக்கும்.

மாலை உணவுக்குப் புதிய நகரத்தின் தவுகே கோழி ஏற்றது. ஈப்போவின் தவுகே குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும். சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து வரும் நீரே அதற்குக் காரணம் என்று உள்ளூர் மக்கள் கூறுவர். ஹலால் உணவு உண்போரும் சைவ உணவினரும் தங்களுக்கு ஏற்ற கடைகளை முன்பே விசாரித்து வைக்க வேண்டும். வாழையிலைச் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியா உண்டு.

மறுநாள் காலையில் புந்தோங் செல்லலாம். அங்குள்ள ‘கச்சாங் பூத்தே’ கிராமத்தில் இந்தியக் குடும்பங்கள் முறுக்கு, பக்கோடா, வறுத்த கடலை முதலியவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து விற்று வருகின்றன. ஊர் திரும்புமுன் வாங்கினால், பலகாரம் நொறுங்காமல் வீடு வந்து சேரும். தம்பூன் வட்டாரத்தில் விளையும் பம்ளிமாஸ் பழத்தையும் உடன் வாங்கி வரலாம்.

வயிற்றுக்கும் ஓர் அளவு உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் உண்ண முயன்றால் எதன் சுவையும் மனத்தில் நிற்காது. ஒரு தட்டு உணவை இருவர் பகிர்ந்து உண்ணலாம். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே நடக்கலாம். பணமும் மிஞ்சும், பசியும் எடுக்கும்.

இத்தகைய பயணத்தால் பயன் பெறுவோர் பயணிகள் மட்டும் அல்லர். சிறு கடைகளும் குடிசைத் தொழில்களும் வாங்குவோரை நம்பியே வாழ்கின்றன. வாங்குவோர் குறைந்தால் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைத் தொடரத் தயங்குவர். அவர்களோடு அந்தக் கைப்பக்குவமும் மறைந்துவிடும். நேரமறிந்து தேடிச் சென்று உண்பது, ஒரு சுவையை அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும் வழியும் ஆகும்.